டங்க்ளியோஸ்டியஸ் தலை: வாய் திறந்து மூடும் மாதிரி செய்ய முழுமையான வழிகாட்டி

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி என்றாலே எரிமலை, சூரியக் குடும்பம், நீர் சுத்திகரிப்பு என்று கொழும்புப் பிள்ளைகள் வருடா வருடம் அதே மூன்றைத்தான் சுற்றிவருகிறார்கள். வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும், கடைசி வாரத்தில் கட்டரும் பசையுமாக இழுத்துவிடப்படும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. செய்யப்போவது டங்க்ளியோஸ்டியஸ் என்ற கவச மீனின் தலை. பின்னாலிருந்து நூலை இழுத்தால் மண்டை மேலே எழும்பும். அதே நேரத்தில் கீழ்த்தாடை கீழே இறங்கும். விட்டால் மூடிக்கொள்ளும். மோட்டார் இல்லை, பற்றரி இல்லை.

பெரும்பாலானவர்கள் இந்த மீனை வரையும்போது வாயைப் பயங்கரமாக வரைந்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அதன் அதிசயம் கழுத்தில் இருக்கிறது. நேரத்தை எங்கே செலவழிப்பது என்று குழம்பினால், நிறத்தை விட்டுவிட்டு மூட்டுக்குப் போங்கள்.

படி 1: மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிளாக்கோடேர்ம்கள் என்பவை தலையையும் மார்பையும் எலும்புத் தட்டுகளால் மூடியிருந்த மீன்கள். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று சீனாவின் சொங்சிங் பகுதியில் எடுக்கப்பட்டு 2022இல் விவரிக்கப்பட்ட சியுஷானொஸ்டியஸ். வயது ஏறத்தாழ 436 மில்லியன் ஆண்டுகள், நீளம் வெறும் 3 சென்ரிமீற்றர். அங்கிருந்து தொடங்கிய கூட்டம், டைனோசர்களுக்கு மிக முந்திய தெவோனியன் காலத்தில் ஆறு, கழிமுகம், கடல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அக்காலத்தின் முடிவில், 359 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்றுவிடாமல் அழிந்துபோனது. அந்த அழிவு ஒரே அடியாக வந்ததல்ல. சுமார் 372 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அடி, கடைசியில் இன்னொன்று. இரண்டிலும் கடல் நீரில் ஒட்சிசன் குறைந்ததற்கான அடையாளங்கள் பாறைகளில் இருக்கின்றன.

டங்க்ளியோஸ்டியஸ் இந்தக் கூட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்த வேட்டைக்காரன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையின் கரிய களிப்பாறையில் 1867இல் ஜே டெரல் என்பவர் அதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1873இல் நியூபெரி என்ற புவியியலாளர் அதற்கு டைனிக்திஸ் டெரெலி என்று பெயரிட்டார். கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று நூதனசாலையில் பணியாற்றிய டேவிட் டங்கிளின் நினைவாக 1956இல்தான் இன்றைய பேரினப் பெயர் வந்தது. 2020இல் ஒஹையோ இதைத் தன் மாநில உயிர்ச்சுவடு மீனாகவே அறிவித்துவிட்டது.

இப்போது நீளம். இணையத்தில் எட்டு மீற்றர், பத்து மீற்றர் என்று தாராளமாகப் போட்டிருப்பார்கள். கவசம் எலும்பு என்பதால் பாறையில் தங்கியது; அதற்குப் பின்னாலிருந்த உடலின் எலும்புக்கூடு பெரும்பாலும் கசியிழையம், அது அநேகமாகத் தங்கவில்லை. ஆகவே பின்பாதி எல்லாம் கணிப்புத்தான். 2023இல் ரசல் எங்கெல்மன் என்ற ஆய்வாளர், தலையின் அளவைப் பல மீன் இனங்களோடு ஒப்பிட்டுக் கணித்து, சாதாரண வளர்ந்த மீன் 3.4 மீற்றர் அளவும் மிகப் பெரியது 4.1 மீற்றர் அளவும் இருந்திருக்கும் என்றார். நான் இந்தக் கணக்கையே எடுக்கச் சொல்வேன். குட்டையாகவும் கட்டையாகவும் ஒரு மீன். அதனால் பயம் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 2: சாமான் சேர்த்தல்

100 × 75 சென்ரிமீற்றர் பிளைவூட் பலகை ஒன்று (6 மில்லிமீற்றர் தடிப்பு போதும்). குளிர்சாதனப்பெட்டி வந்த இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி ஒன்று. இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். காலி வீதியில் மின்சாதனம் விற்கும் கடைகளில் கேட்டால் மூலையில் கிடப்பதைத் தருவார்கள். 6 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு, அவற்றுக்கு நட் நான்கு, அகலமான வொஷர் பத்து. நைலோன் மீன்பிடி நூல் அல்லது மேசன்மார் பாவிக்கும் நூல். தடித்த றப்பர் பட்டி ஒரு பை. கொக்கி ஆணி இரண்டு. பிரிஸ்டல் போட், டிமை தாள், வெள்ளைப் பசை, பழைய பத்திரிகை.

புறக்கோட்டைக்குப் போனால் ஒரே நடையில் எல்லாம் முடியும். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீர்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நுழைய முடியாது. பலகையை வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வீட்டுக்குக் கிட்ட உள்ள ஹாட்வெயார் கடையிலேயே அளவு சொல்லி வெட்டுவித்துக்கொள்வது நல்லது.

நூல் விஷயத்தில் கவனம்: இழுத்தால் நீளாத நூல்தான் வேண்டும். தையல் நூல், கம்பளி நூல் சரிவராது. ஏன் என்று படி 4இல் தெரியும்.

படி 3: மூன்று துண்டுகளை வெட்டுதல்

மீன் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிமை தாளில் அச்சு வரையுங்கள். அட்டையில் நேரே வரைந்தால் பிழை வரும்போது அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

மார்புக் கவசம்: 40 சென்ரிமீற்றர் நீளம், 38 சென்ரிமீற்றர் உயரம். முன்விளிம்பு சற்று உட்குழிந்து இருக்கட்டும். இது அசையாது, பலகையில் ஒட்டப்படும்.

மண்டை: கழுத்து மூட்டிலிருந்து மூக்கு நுனிவரை 50 சென்ரிமீற்றர். மேற்புறம் மென்மையான வளைவு. கண் முன்பக்கமாக, மூக்குக்குக் கிட்ட வரவேண்டும். நடுவில் வைத்தால் உடனே காட்டூன் முகமாகிவிடும். கண்ணைச் சுற்றி உண்மையான மீனில் எலும்பு வளையம் ஒன்று இருந்தது. பிரிஸ்டல் போட்டில் வெட்டி ஒட்டுங்கள். மண்டையின் பின்மேல் மூலையில், மூட்டுக்கு நேர் மேலே 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு காது மாதிரி மிச்சம் விடுங்கள். இழுக்கும் நூல் அதில்தான் கட்டப்படும்.

கீழ்த்தாடை: மூட்டிலிருந்து நுனிவரை 40 சென்ரிமீற்றர். மூட்டுக்குக் கீழே 9 சென்ரிமீற்றர் தொங்கும் துண்டு ஒன்றும் சேர்த்து வெட்ட வேண்டும். உண்மையான தாடையில் இப்படி ஒரு துண்டு கீழே நீட்டிக்கொண்டு இருக்காது. இயக்கம் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிவதற்காகக் கூட்டியிருக்கிறேன். விளக்கப் பலகையில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். விஷயம் தெரிந்த நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வெட்டி, அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, புத்தகங்களை மேலே அடுக்கி ஓர் இரவு விடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் ஒற்றை அட்டை இரண்டாம் நாளே வளைந்துவிடும். பசை முற்றாகக் காய்ந்தபின் இரண்டு பக்கமும் பத்திரிகைத் தாளைப் பசையில் தோய்த்து ஒரு படை ஒட்டினால் இன்னும் உறுதி.

படி 4: மூட்டுகள்

இதில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாம் ஐந்து மில்லிமீற்றர் முன்பின் போனாலும் பரவாயில்லை. துளைகள் மட்டும் அளவில் இருக்க வேண்டும்.

டங்க்ளியோஸ்டியஸ் சேர்ந்த ஆர்த்ரோடயர் என்ற பிரிவில், மார்புக் கவசத்தின் முன்பக்கத்தில் இரு புறமும் ஒவ்வொரு எலும்புக் குமிழ் இருந்தது. மண்டையின் பின்விளிம்பிலுள்ள குழிகளில் அவை பொருந்தின. மண்டை அந்த இரண்டு குமிழ்களிலும் மேலும் கீழும் ஆடியது. முதுகுத் தசை மண்டையின் பின்பக்கத்தை இழுக்க மூக்கு மேலே போகும். மண்டையோடு தாடை மூட்டும் சேர்ந்து முன்னே நகரும். ஆனால் தாடையை மார்போடு இணைக்கும் இன்னொரு தசை அதைப் பின்னே பிடித்து வைத்திருக்கும். முன்னே போகும் மூட்டுக்கும் பின்னே பிடிக்கும் தசைக்கும் நடுவே அகப்பட்ட தாடைக்குக் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மார்பு, மண்டை, தாடை, தசை: இந்த நான்கும் சேர்ந்ததைப் பொறியியலில் நாற்சட்ட இணைப்பு என்பார்கள். மாதிரியில் தசைக்குப் பதில் நூல். அது நீளக்கூடியதாக இருந்தால் தாடை அசையாமல் நின்றுவிடும்.

2007இல் அண்டர்சன், வெஸ்ட்னீற் என்ற இருவர் இந்த இணைப்பைக் கணினியில் கணித்துப் பார்த்தார்கள். வாய் முழுதாகத் திறக்க 20 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு. திறந்து மூட மொத்தமாக 50 முதல் 60 மில்லிசெக்கன். இவ்வளவு வேகமாகத் திறந்தால் தண்ணீரும் அதோடு இரையும் உள்ளே இழுபடும். கடி விசை தாடை நுனியில் 4,400 நியூற்றனுக்கு மேல், பின் அலகில் 5,300 நியூற்றனுக்கு மேல். பிள்ளைகளுக்குச் சொல்வதானால், 4,400 நியூற்றன் என்பது கிட்டத்தட்ட 450 கிலோ பாரம் அழுத்துகிற அளவு.

சரி, துளைகள். எல்லா அளவும் கழுத்துத் துளையிலிருந்து, வாய் மூடிய நிலையில்:

கழுத்துத் துளை பலகையின் வலது விளிம்பிலிருந்து 40, மேல் விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றரில் வரவேண்டும். மார்புக் கவசத்தின் முன்மேல் மூலை இந்த இடத்துக்கு வரும்படி அதை ஒட்டுங்கள். தாடை மூட்டுத் துளை அதற்கு 18 சென்ரிமீற்றர் கீழே, 6 சென்ரிமீற்றர் முன்னே. இது மண்டைத் துண்டிலும் தாடைத் துண்டிலும் மட்டும். தவறியும் பலகையைத் துளைத்துவிடாதீர்கள், மூட்டு சுதந்திரமாக நகர வேண்டும். தாடையின் தொங்கும் துண்டில் நூல் துளை, தாடை மூட்டுக்கு நேர் கீழே 8 சென்ரிமீற்றர். கடைசியாக மார்பில் ஒரு கொக்கி ஆணி, கழுத்துத் துளைக்கு 30 சென்ரிமீற்றர் கீழே, 9 சென்ரிமீற்றர் பின்னே.

போல்ட் போடும்போது ஒவ்வொரு படைக்கும் நடுவில் வொஷர் போடுங்கள். பலகை, மார்பு, வொஷர், மண்டை, வொஷர், நட் என்ற வரிசை. தாடை மண்டைக்கு முன்னால் வரட்டும். தாடை மூட்டு போல்ட்டின் தலை பின்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் புரி மார்பில் உரசும். நட்டை இறுக்கிவிட்டு அரைச் சுற்றுத் தளர்த்தி, அதற்கு மேல் இன்னொரு நட் வைத்துப் பூட்டுங்கள். ஒற்றை நட் பத்துத் தடவை ஆட்டியதும் கழன்றுவிடும்.

இனி நூல். தாடையின் கீழ்த் துளையிலிருந்து மார்புக் கொக்கிக்கு, வாய் மூடிய நிலையில் இறுக்கமாக, முடிச்சுக்கு முடிச்சு 15.5 சென்ரிமீற்றர். அதற்கு நேர்மாறாக, தாடை மூட்டுக்கு 12 சென்ரிமீற்றர் முன்னே ஒரு துளை போட்டு, அங்கிருந்து மேலே மண்டைக்கு இரண்டு றப்பர் பட்டிகள். இவைதான் வாயை மூடும் தசை. மண்டையின் காதில் இழுக்கும் நூலைக் கட்டி, மார்பின் பின்மேல் பகுதியில் அடித்த இரண்டாவது கொக்கி வழியாகப் பலகைக்கு வெளியே எடுத்து, ஒரு மரக்குச்சியைக் கைப்பிடியாகக் கட்டுங்கள்.

மண்டை தன் பாரத்திலேயே முன்னால் சாயும். அதைத் தடுக்க, கழுத்துத் துளைக்கு 12 சென்ரிமீற்றர் கீழே, மண்டையின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் சிறிய மரக்கட்டை ஒன்றை மார்பில் ஒட்டுங்கள்.

இழுத்துப் பாருங்கள். மூக்கு நுனி 10 சென்ரிமீற்றர் எழும்பும்போது மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே 50 பாகை அளவு விரிய வேண்டும். 11 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நூல் நேராகி இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் இழுத்தால் அட்டைதான் கிழியும். மூக்கு எழும்புகிறது, தாடை இறங்கவில்லை என்றால் நூல் தளர்வு. மூக்கே எழும்பவில்லை என்றால் கழுத்து நட் இறுக்கம்.

படி 5: பல் வைக்காதீர்கள்

எவ்வளவு ஆசையாக இருந்தாலும் முக்கோணப் பற்களை வரிசையாக ஒட்டாதீர்கள். டங்க்ளியோஸ்டியஸுக்கு இருந்தது எலும்பு அலகுகள். ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டு, கீழே ஒன்று. மேலே முன்னால் இருப்பது கூராக, கோரைப்பல் போலத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது தட்டையான வெட்டலகு. கீழ்த்தாடையின் முன்நுனி கூராக மேலே எழும்பி, மூடும்போது மேல் கூருக்கு உட்புறமாகப் போகும். வாய் மூடும்போதெல்லாம் அலகுகள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று உரசியதால் தாமாகவே கூர் தீட்டப்பட்டன.

எல்லாப் பிளாக்கோடேர்ம்களும் பல்லில்லாதவை என்று எழுதிவிடவும் கூடாது. கொம்பகோபிசிஸ் என்ற சிறிய ஆர்த்ரோடயரில் உண்மையான பற்கள் இருந்தன என்று 2012இல் எக்ஸ்கதிர்ப் படங்களின் மூலம் காட்டியிருக்கிறார்கள்.

அலகுகளுக்குப் பிரிஸ்டல் போட்டை நான்கு படையாக ஒட்டி வெட்டினால் போதும். நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உயிர்ச்சுவடாகக் காட்டுவதென்றால் கரும்பழுப்பு. தட்டுகளின் எல்லைகளைக் கறுப்பு மார்க்கரால் கீறுங்கள். அவ்வளவுதான்.

படி 6: தரையில் நீளம், கொடியில் காலம்

மேசைக்கு முன்னால் தரையில் 3.4 மீற்றருக்கு ஒட்டுநாடா ஒட்டி, ஒரு முனையில் மூக்கு, மறுமுனையில் வால் என்று எழுதுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே படுத்து அளந்து பார்ப்பார்கள்.

அடுத்தது காலக்கொடி. ஒரு மில்லியன் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர். 436இல் சியுஷானொஸ்டியஸ், 380இல் கோகோ மீன்கள் (இவற்றைப் பற்றிக் கீழே), 359இல் பிளாக்கோடேர்ம்களின் முடிவு. டைனோசர்கள் 230 வாக்கில்தான் வரும், 66இல் போய்விடும். மனிதர் என்று எழுத மூன்று மில்லிமீற்றர்தான் மிச்சம். பேனா முனையே அதை மூடிவிடும். டைனோசருக்கும் இந்த மீனுக்கும் நடுவில் 120 சென்ரிமீற்றருக்கு மேல் வெறுங்கயிறு தொங்குவதைக் கண்டபிறகு, “இது டைனோசர் காலத்து மீனா?” என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

படி 7: பக்கத்தில் ஒரு வினாகிரிப் போத்தல்

இது கட்டாயமில்லை, ஆனால் சனம் நின்று பார்க்கும். மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கோகோ என்ற இடத்துச் சுண்ணக்கல் உருண்டைகளுக்குள் 380 மில்லியன் ஆண்டு பழைய மீன்கள் நசுங்காமல் முழு உருவத்தில் இருக்கின்றன. உளியால் உடைப்பதில்லை, ஐதான அசற்றிக்கமிலத்தில் ஊறவைக்கிறார்கள். சுண்ணக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய எலும்பு வெளியே வரும். வெளியே வந்த பகுதிக்குப் பசை பூசிக் காயவைத்து, மறுபடி ஊறவைப்பார்கள். நம் சமையலறை வினாகிரியிலும் இருப்பது அதே அமிலம்தான். ஒரு போத்தலில் வினாகிரி ஊற்றி முட்டை ஓட்டையோ, வெள்ளவத்தைக் கரையில் பொறுக்கிய சிப்பியையோ போட்டால் குமிழி வருவதைப் பார்க்கலாம். கரும்பலகைச் சோக்கைப் போடாதீர்கள்; இப்போது விற்பதில் பெரும்பாலானவை ஜிப்சம், குமிழி வராது.

இப்படிக் கரைத்தெடுத்த ஒரு மீனின் வயிற்றுக்குள், தொப்புள்கொடியோடு குட்டி ஒன்று இருந்தது. 2008இல் ஜோன் லோங் குழுவினர் அதை மெட்டர்பிசிஸ் அட்டன்பரோயை என்று அறிவித்தார்கள். இயற்கை ஆவணப்படங்களால் பெயர்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயர்தான் அது. 380 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னே முட்டையிடாமல் குட்டி போட்ட மீன்! 2022இல் அதே கோகோவின் ஆர்த்ரோடயர்களில் இதயத்தின் உருவம்கூட அடையாளம் காணப்பட்டது. என்னைக் கேட்டால் டங்க்ளியோஸ்டியஸின் வாயைவிட இந்தக் குட்டிதான் பெரிய செய்தி. ஆனால் கண்காட்சியில் வாய்தான் கூட்டம் சேர்க்கும், என்ன செய்வது.

படி 8: கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

“இலங்கையில் இது கிடைத்ததா?” என்பது நிச்சயம் வரும். இல்லை. தீவின் பெரும்பகுதி தெவோனியனுக்கு மிக முந்திய, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. தப்போவ, ஆண்டிகம பக்கம் இருப்பவை யுராசிக் படிவுகள். யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன். இரண்டும் தெவோனியனுக்கு மிகப் பிந்திய காலங்கள். பிளாக்கோடேர்ம்கள் வாழ்ந்த காலத்துப் பாறையே இங்கே இல்லை.

“டாங்க் கிளீனர் மீனுக்கும் கவசம் இருக்கிறதே, அது இதன் பரம்பரையா?” நல்ல கேள்வி. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களுக்குள்ளும் நுழைந்துவிட்ட அந்த மீன் தென்னமெரிக்கக் கெளிற்று வகை. அதன் தட்டுகள் தனியாக, மிகப் பிந்தித் தோன்றியவை. கவசம் ஒன்றாக இருப்பதால் சொந்தம் என்று ஆகிவிடாது.

“அப்படியானால் இதற்கு வாரிசே இல்லையா?” இங்கே சற்று நிதானமாகப் பதில் சொல்லுங்கள். கூட்டமாக அழிந்தது உண்மை. ஆனால் 2013இல் சீனாவின் யுன்னானிலிருந்து என்டெலொக்னாதஸ் என்ற 419 மில்லியன் ஆண்டு பழைய பிளாக்கோடேர்ம் விவரிக்கப்பட்டது. உடல் பிளாக்கோடேர்முடையது, தாடை எலும்புகளோ இன்றைய எலும்பு மீன்களிலும் நம்மிலும் இருப்பவற்றின் ஒழுங்கில் இருந்தன. ஆகவே நம் தாடையின் கதை இந்தக் கூட்டத்துக்குள்ளேதான் தொடங்குகிறது என்ற கருத்து வலுத்திருக்கிறது. “டங்க்ளியோஸ்டியஸ் நம் மூதாதை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அந்தக் குடும்பத்தில் பிந்தி வந்த ஒரு பக்கக் கிளை.

“எல்லாம் இப்படிப் பெரியவையா?” இல்லை. நண்டின் கால் போல மூட்டுள்ள கவசக் கைகளோடு நடமாடிய பொத்ரியோலெபிஸ் பெரும்பாலும் கையளவு, முழங்கையளவுதான். அந்தாட்டிக்கா உட்பட எல்லாக் கண்டங்களிலும் கிடைத்திருக்கிறது. கனடாவின் மிகுவாஷா பாறைகளில் ஏராளம்.

படி 9: கொண்டுபோதல்

முழுதாகப் பூட்டிய பலகையை 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் காலையில் ஏற்ற நினைக்காதீர்கள். மண்டையையும் தாடையையும் கழற்றித் தனியே கட்டி, பலகையை ஓட்டோவின் பின்சீற்றில் குறுக்காகச் சாய்த்தால் போகும். மழை வரும் மாதமென்றால் குப்பை போடும் பெரிய கறுப்புப் பைகளால் சுற்றுங்கள். ஒரு சிறு பெட்டியில் ஸ்பனர், உபரி நட், நூல், றப்பர் பட்டி எல்லாம் இருக்கட்டும். நாள் முழுக்கப் பிள்ளைகள் இழுத்தால் றப்பர் பட்டி மத்தியானத்துக்கு முன்னரே அறும். அறுவதற்கு முன்னே, கூட்டம் குறையும் நேரம் பார்த்து மாற்றிவிடுங்கள். கைப்பிடியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று, திறந்த வாய்க்குள் விரலை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.